கரடிப்பாறைக் கதவு

உத்தமபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஒன்றரை. பிப்ரவரி வெயிலுக்கே கண் கூசியது. தோளில் லேப்டாப் பை, கையில் ஒரு கிலோ ஆரஞ்சு. ஆள் இறந்து மூன்று மாதமான வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று தெரியாமல் பழக்கடையில் கைக்கு வந்ததை வாங்கியிருந்தேன்.

பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு. யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒரே ஒரு முறை வந்திருக்கிறேன், அடக்கத்தன்று. அந்த நாளை மறக்க முடிந்திருந்தால் இன்று வந்திருக்கவே மாட்டேன்.

கதவைத் திறந்தவர் அம்சத் பீவி, இறந்துபோன ஜெய்லானி அண்ணனின் அம்மா.

"கம்பத்து ஆபீஸ்ல இருக்குற பிள்ளதானே? வாத்தா, உள்ள வா. சாதியா உள்ரூம்ல இருக்கா. இத்தா முடிய இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கெடக்கு."

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பது அவர்கள் வழக்கம். அதனால்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானே வந்தேன். இல்லையென்றால் அண்ணன் மனைவி சாதியா அக்காவை ஆபீசுக்குக் கூட்டிப்போய் அந்த ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்திருப்பேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் இவாஞ்சலின். கம்பத்தில் ஒரு வாழைக்காய் மண்டிக்கு மேல்மாடியில் சின்ன இன்டர்நெட் கம்பெனி. அங்கே ஸ்கிரீனைப் பார்ப்பது என் வேலை. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். குச்சனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் நாங்கள் பெட்டி வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும் அந்த ஸ்கிரீனில் ஒரு புள்ளி. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் லைன் போய்விட்டது. பேட்டரி எவ்வளவு இருக்கிறது, பெட்டி எவ்வளவு சூடாயிருக்கிறது, அறைக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எல்லாம் வந்து விழும். ஏதாவது மாறினால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். 'பார்த்தாச்சு' என்று நாங்கள் சொல்லும் பட்டனை யாராவது அமுக்கும்வரை அது விடாது.

காலையில் நான் ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்ப்பதைப் பார்த்துத்தான் ஜெய்லானி அண்ணன் எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தார்.

"என்ன டீச்சரம்மா, அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா? குச்சனூரு வந்திருக்கானா, இன்னைக்கும் லீவா?"

அவர் எங்கள் லைன்மேன். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்தால் ஆபீஸ் முழுக்க நனைந்த ஏலக்காய்ச் செடியின் வாசனை அடிக்கும். மேலே தோட்டங்களுக்கு நெட் கொடுக்கக் கரடிப்பாறையில் ஒரு டவரும், தகரக் கதவு போட்ட சின்ன அறையும் இருந்தன. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டும். அங்கே மொபைல் சிக்னல் எட்டாது. ஆள் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். போனதும் அறைக் கதவை இரண்டு தடவை திறந்து மூடுவார். என் ஸ்கிரீனில் விழும். 'வந்துட்டேன்' என்று அர்த்தம். வேலை முடிந்ததும் மூன்று தடவை. 'கெளம்புறேன்.'

"மூணு அடிச்சேன்னு வச்சுக்க, சரியா ரெண்டே முக்கா மணி நேரத்துல எங்க வீட்டுச் சோத்துல கை வச்சிருப்பேன். வேணும்னா வாட்ச்சப் பாத்துக்க" என்பார்.

அவர் மேலே வேலை பார்க்கும்போது ஒவ்வொரு ஒயரைக் கழற்றும்போதும் மணி அடிக்கும், ஓனர் போன் வரைக்கும் போகும். அதனால் அந்த இடத்தை மட்டும் மியூட் போட்டுவிடுவோம். இரண்டு தடவை கதவைப் பார்த்த பிறகுதான் மியூட். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. நானே வைத்த சட்டம்.

நானே மீறினேன்.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலையிலிருந்து விடாத மழை. ஸ்கிரீனில் பதினோரு ஊர் சிவப்பு. போன் மேல் போன். ஓனர் கர்ணன் சார் மதுரையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். "ஏம்மா, பந்தியில உக்கார முடியல. போன் விடாம கத்துது. கரடிப்பாறைக்கு வேற ஆளு போறான்ல, மொதல்ல அத மியூட் போடு" என்றார். போட்டேன். அண்ணன் அங்கே போய்ச் சேரும் முன்பே போட்டேன். மறுபடி அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று, ஒரு மணி நேரம் என்பதற்குப் பதில் மாலை ஆறு மணி வரை என்று போட்டேன். ஒரு நொடி வேலை.

ஆறு மணிக்கு டிங்.

கரடிப்பாறை. கதவு திறந்திருக்கிறது.

டார்ச் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஏறினார்கள். டவரிலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு நொறுங்கியிருந்தது. செல்போன் பாறையில் சிதறிக் கிடந்தது. உடம்பு டவருக்கு அடியில் இல்லை. இழுத்து இழுத்து ஊர்ந்து அறை வாசலுக்கு வந்திருந்தார். வலது கை தகரக் கதவின் அடிவிளிம்பைப் பிடித்தபடி இருந்தது.

மியூட் போட்டால் மணிதான் அடிக்காது. பதிவேட்டில் எல்லாம் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அவர்கள் அவரைத் தூக்கி வரும் நேரத்தில் நான் ஆபீசில் அந்தப் பதிவைத் திறந்தேன். ஒன்றேகாலுக்கு இரண்டு தடவை: வந்துட்டேன். இரண்டு பத்துக்கு மறுபடி ஆரம்பிக்கிறது. திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. முதலில் நிமிடத்துக்கு ஒன்று. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. ஐந்து நிமிடம், ஒன்பது நிமிடம், கடைசியில் இருபது நிமிடம். மொத்தம் அறுபத்து மூன்று தடவை. நாலு முப்பத்தைந்துக்குத் திறந்தது மூடவே இல்லை.

நான் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. டீச்சரம்மா பார்த்திருப்பாள், ஆள் அனுப்பியிருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவைத் தள்ளியிருப்பார்.

மறுநாள் இந்த வீட்டு உள்ளறையில் சாதியா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டாகளா?"

"இல்லக்கா. விழுந்த ஒடனேயே போயிட்டாக" என்றேன்.

கம்பெனியும் அதையேதான் சொன்னது. பதிவைக் காட்டியபோது கர்ணன் சார் முகம் வெளுத்துப்போனது. "அந்தப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேதனையெல்லாம். இது இங்கனயே இருக்கட்டும்" என்றார். பாதி இரக்கம், பாதி பயம். எனக்கும் அதே விகிதம்தான்.

ஜனவரியில் கரடிப்பாறையை மூடினார்கள். தோட்டங்களுக்கு வேறு பக்கமாகக் கேபிள் போய்விட்டது. எங்கள் டெக்னீஷியன் கிங்ஸ்லி போய், பெட்டி, பேட்டரி, கதவில் இருந்த சென்சார், எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து அலமாரியில் போட்டான். ஸ்கிரீனில் அந்தப் புள்ளி சாம்பல் நிறமானது.

அதற்கு அடுத்த நாள், மத்தியானம் இரண்டு பத்து.

டிங்.

கரடிப்பாறை. கதவு திறந்தது.

டிங்.

கதவு மூடியது.

கிங்ஸ்லி அலமாரியைத் திறந்து பார்த்தான். ஒயர் அறுத்த சென்சார் அட்டைப் பெட்டியில் அப்படியே கிடந்தது. "பழைய மெசேஜ் எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு இப்ப வருது போல" என்றான். கரடிப்பாறை என்ற பெயரையே சிஸ்டத்திலிருந்து அழித்தான். மறுநாள் இரண்டு பத்துக்கு அழித்த பெயரே மறுபடி வந்து நின்றது. நான் பழைய பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நொடிகூட மாறவில்லை. அதே இடைவெளி, அதே அறுபத்து மூன்று. மழையே இல்லாத ஜனவரியில், ஜன்னல் சாத்திய அந்த அறையில், கீழே மண்டியில் பழுக்கும் வாழையின் வாடையையும் மீறி நனைந்த ஏலக்காய் வாசனை வந்தது.

அதன் பிறகு கிங்ஸ்லி மத்தியானங்களில் ஆபீசில் உட்காருவதில்லை. கர்ணன் சார் போனில் சொன்னார்: "எதுக்கு வம்பு? மியூட் போட்டுரு."

அந்த மனிதரை இரண்டாவது தடவை மியூட் போட என்னால் முடியாது.

ஒவ்வொன்றுக்கும் 'பார்த்தாச்சு' அமுக்கினேன். பதிவேட்டில் அறுபத்து மூன்று தடவை என் பெயர் விழுந்தது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று வாரம். தினமும் இரண்டு பத்திலிருந்து நாலு முப்பத்தைந்து வரைக்கும் ஓர் ஆள் சாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்தால் போதாது என்று ஒரு நாள் புரிந்தது. பார்க்க வேண்டியவருக்கு நான் பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே இப்போது இந்த உள்ளறை.

சாதியா அக்கா வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. மியூட் போட்டது, ஆறு மணி வரை போட்டது, அறுபத்து மூன்று, பொய், தினமும் வருவது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டரை மணி நேரமா?"

"ஆமாக்கா."

"ஒங்கிட்டதானே கேட்டேன். ஒங்கையப் பிடிச்சுல்ல கேட்டேன்."

எனக்கு அழுகை முட்டியது. அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பல்லைக் கடித்தேன்.

"ஒன்னய நான் மன்னிக்க மாட்டேன், இவாஞ்சலின். அது வேற" என்றார். "இப்ப மணி என்ன?"

"ரெண்டு அடிக்கப் போகுதுக்கா."

"அதத் தொற."

லேப்டாப்பைத் திறந்து, என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். அம்சத் பீவிக்குக் கேட்க வேண்டாம் என்று சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். ஸ்கிரீனில் பச்சைப் புள்ளிகள். ஓரத்தில் ஒரு சாம்பல் புள்ளி.

இரண்டு பத்து.

டிங்.

சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். சத்தியமாக.

என் கை பழக்கத்தில் பட்டனுக்குப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அமுக்குனா என்ன ஆகும்?"

"பாத்தாச்சுன்னு போகும். மணி நின்னுரும்."

"வேண்டாம். அன்னைக்கு ஒருத்தரும் பாக்கல. நான் பாக்குறேன்."

அடுத்த தடவை கதவு திறந்தபோது ஸ்கிரீனைப் பார்த்து, "ம்" என்றார்.

அவ்வளவுதான். பக்கத்தில் படுத்துக்கொண்டு கதை சொல்கிறவருக்கு ம் கொட்டுவது மாதிரி. கதவு திறந்தது. "ம்." மூடியது. திறந்தது. "ம், இருக்கேன்." அறை குளிர ஆரம்பித்தது. ஓட்டின் மேல் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு சடசடவென்று மழை விழும் சத்தம்.

முற்றத்தில் அம்சத் பீவி அலறிக்கொண்டு ஓடினார். "ஆத்தாடி, மழையில்ல வருது! துணியெல்லாம் காயுதே!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கை நிறையக் காய்ந்த துணியோடு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மழைச் சத்தம் நிற்கவில்லை.

மூன்றரைக்கு மேல் இடைவெளி கூடியது. இந்த இடம்தான் எனக்கு எப்போதும் தாங்காது. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டும். வந்தால் இன்னும் வலியோடு உயிர் இருக்கிறது, வராவிட்டால் முடிந்துவிட்டது. அக்கா கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"ம். இங்கனதான் இருக்கேன். எங்கயும் போகல."

நாலு முப்பத்தைந்து. கதவு திறந்தது. அறுபத்து மூன்று.

"இதான்க்கா கடைசி" என்று கிசுகிசுத்தேன். "இது மூடாது."

நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலு முப்பத்தாறு. முப்பத்தெட்டு. நாலு நாற்பது.

டிங்.

கதவு மூடியது.

மூன்று வாரத்தில் ஒரு நாளும் நடக்காதது. நான் அக்காவின் கையை எப்போது பிடித்தேன் என்று தெரியாது.

திறந்தது. மூடியது.

திறந்தது. மூடியது.

திறந்தது. மூடியது.

"மூணு" என்றேன். "கெளம்புறேன்னு சொல்றாகக்கா."

சாதியா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "சரி, பாத்து எறங்கி வாங்க" என்றார். மழைச் சத்தம் நின்றது. ஸ்கிரீனில் கரடிப்பாறை என்ற பெயரே இல்லை. அந்தச் சாம்பல் புள்ளி இருந்த இடம் காலியாக இருந்தது.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். அக்கா சுவரில் சாய்ந்திருந்தார், தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. அம்சத் பீவி டீ கொடுத்தார். இருட்டியது. லைட் போட்டார்கள். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, வெட்கமில்லாத நிம்மதி. போய்விட்டார், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சாத்தியிருந்த வாசல் கதவு திறந்தது.

மூடியது.

காற்றில்லை. முற்றத்தில் வெறும் கொடிகூட அசையவில்லை.

திறந்தது.

மூடியது.

இரண்டு தடவை. என் கண் தானாக வாட்ச்சுக்குப் போனது. ஏழு இருபத்தைந்து. நாலு நாற்பதிலிருந்து சரியாக இரண்டே முக்கால் மணி நேரம்.

நனைந்த ஏலக்காய் வாசனை வீட்டுக்குள் நடந்து வந்தது.

சமையலறையிலிருந்து அம்சத் பீவி குரல் கொடுத்தார். "சாதியா, யாரு அது?"

அக்கா எழுந்து நின்றார். தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் பயம் இல்லை. மூன்று மாதத்துக் களைப்பு மட்டும் இருந்தது. "செருப்பக் கழட்டிட்டு வாங்க, சேறா இருக்கும்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் சாப்ட்டுப் போ. வந்த ஆளச் சாப்பிடாம அனுப்புனா அவுகளுக்குப் பிடிக்காது" என்றார்.

ஒரு தட்டு கூடுதலாக வைத்தார். நான் என் தட்டைவிட்டுத் தலை நிமிரவே இல்லை.

மறுநாளிலிருந்து ஸ்கிரீனில் எதுவும் வரவில்லை. இரண்டு பத்து மற்ற நேரங்களைப்போலவே கடந்து போகிறது. ஆனால் சாதியா அக்கா எனக்கு ஒரு வேலை வைத்தார். தினமும் ஏழு இருபத்தைந்துக்கு அவர் போனிலிருந்து இரண்டு ரிங் வரும். வந்துட்டாக என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. வாட்ஸப்பில் 'பார்த்தாச்சு' என்று அனுப்ப வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. வேறு எதுவும் என்னிடம் பேசுவதில்லை. மன்னிக்கவும் இல்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட முந்தானைக்குள் போனை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் கடைசியில் இத்தா முடிந்தது. நேற்று மாமியாரும் மருமகளும் ஆண்டிபட்டியில் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்கையின் நம்பரிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"இவாஞ்சலின், என் போன அங்கனயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன். வீடு பூட்டிக் கெடக்கு. இன்னைக்கு ரிங் வராது, காத்துக்கிட்டு இருக்காத."

சரி என்றேன். ஆனாலும் போனை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழு இருபத்தைந்து.

இரண்டு ரிங். அக்காவின் நம்பர்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, தினமும் அனுப்பும் சொல்லோடு இன்னொரு சொல்லையும் சேர்த்து அனுப்பினேன்.

'பார்த்தாச்சு அண்ணே.'

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அந்தச் செய்திக்குக் கீழே இருந்த இரண்டு டிக்கும் நீலமாக மாறின.